சிண்டுவின் புதிய காதுகள்

சிண்டுவின் காதுகளைச் சிறிதாக்கியது கோகிலவாணிதான். தொப்பையைக் குறைத்ததும், கண்களைப் பெரிதாக்கியதும், உச்சந்தலையில் கோணலாக நின்ற மயிர்க்கற்றையைக் கழற்றி மாட்டும்படி செய்ததும் அவள்தான். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த 'மத்தாப்பு' பொம்மை நிறுவனத்தில் அவள் பதினெட்டு வருடங்களாக வடிவமைப்பாளர். பழைய பொம்மைகளின், கார்ட்டூன் பாத்திரங்களின் உரிமையை வாங்கி, இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி விற்பது அந்த நிறுவனத்தின் தொழில்.

சிண்டு ஒரு கழுதைக்குட்டி. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைக்காட்சியில் வந்தது. யார் எங்கே கூப்பிட்டாலும் போகாது. "நான் வரல, நீ போ" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். போனவர்கள் எங்காவது மாட்டிக்கொள்வார்கள். கடைசியில் சிண்டு முனகிக்கொண்டே போய் அவர்களை மீட்டு வரும். எல்லா வாரமும் இதே கதைதான். அதன் ரப்பர் பொம்மையின் வயிற்றை அமுக்கினால் அந்த வசனத்தைக் கரகரத்த குரலில் சொல்லும். எதற்கும் மறுப்புச் சொல்கிற பொம்மை குழந்தைகளுக்கு நல்லதல்ல என்று நிறுவனத்தின் ஆலோசகர்கள் சொன்னதால் புதிய சிண்டு, "வா, சேர்ந்து போலாம்" என்றது.

குழந்தைகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவர்களுக்குப் பழைய சிண்டுவைத் தெரியாது. பயமெல்லாம் அவர்களுடைய அப்பா அம்மாக்களைப் பற்றித்தான். முந்தைய வருடம் டமாரம் அடிக்கும் பழைய பூனை ஒன்றைப் புதுப்பித்து வெளியிட்டபோது நாற்பது வயதுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் பூனையைக் கொன்றுவிட்டீர்கள் என்று எழுதினார்கள். பெட்டிகளைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றே வாரத்தில் பூனை கடைகளிலிருந்து காணாமல் போனது.

அதற்குப் பிறகுதான் மெர்லின் வேலைக்கு வந்தாள். நரம்பியல் படித்தவள், முப்பத்திரண்டு வயது, எதையும் மெதுவாகப் பேசுவாள். அவள் கொண்டுவந்தது ஒரு தொப்பி. அதைப் போட்டுக்கொண்டு பழைய பொம்மையை நினைக்க வேண்டும். அப்போது கண் முன்னால் புதிய பொம்மை இருக்கும். பதினோரு நிமிடங்களில் பழையதன் மேல் இருந்த பாசம் புதியதன் மேல் வந்துவிடும். பழையதைப் பார்த்தால் பிறகு ஒன்றும் தோன்றாது.

"பாசங்கிறது மூளைக்குள்ள ஒரு இடத்துல வெச்சிருக்கிற பொருள் இல்லைங்க மேடம்," என்று மெர்லின் கோகிலவாணிக்கு விளக்கினாள். "அது ஒரு பாதை. பழைய பொம்மையைப் பாத்தா அந்தப் பாதை திறக்குது. நாங்க வாசலை மட்டும் இடம் மாத்தி வெக்கறோம். பாதை அப்படியேதான் இருக்கும்."

"வீட்டை இடிக்காம வாசலை மாத்தற மாதிரி."

"அதேதான்."

வேறு யாராவது அந்த வாசல் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கோகிலவாணி கேட்கவில்லை. பிற்பாடு அதை நினைத்து அவள் வருத்தப்படவும் இல்லை. வருத்தப்பட வேண்டிய விஷயம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதல் ஆளாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டது அவள்தான். பழைய சிண்டுவின் மேல் அவளைவிடப் பாசம் வைத்தவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்தாள். தம்பி திருமூர்த்திக்கு ஏழு வயது. அப்பா பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவை எடுத்துப் போன அன்றிலிருந்து திருமூர்த்தி பேச்சை நிறுத்திவிட்டான். டாக்டர்கள் தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் ஒரே ஒரு சிண்டு இருந்தது. பள்ளிக்குப் போகலாமா என்று அவள் கேட்டால் அவன் அதன் வயிற்றை அமுக்குவான். "நான் வரல, நீ போ." சாப்பிட வா என்றாலும் அதே பதில்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனை விட்டுவிட்டுச் சிண்டுவோடு பேச ஆரம்பித்தாள். சிண்டு சாப்பிட்டால் அவனும் சாப்பிட்டான். சிண்டுவுக்குச் சீருடை தைத்துப் போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தால் அவனும் பின்னால் நடந்தான். நான்கு மாதம் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் அவள் சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிட்டது. அவள் கத்தினாள். திருமூர்த்தி ஓடிவந்து, "அக்கா, வலிக்குதா?" என்றான்.

தொப்பிக்குள் இருந்துகொண்டு அவள் இதையெல்லாம் நினைத்தாள். எவ்வளவு ஆழமாக நினைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது என்று மெர்லின் சொல்லியிருந்தாள். பதினோரு நிமிடம் முடிந்ததும் கோகிலவாணி புதிய சிண்டுவைக் கையில் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று திருமூர்த்தி அக்காவைப் பார்க்க வருவது வழக்கம். கிணத்துக்கடவில் கால்நடை ஆய்வாளராக இருந்தான். மனைவி பானுரேகா கட்டிக்கொடுத்த கொள்ளுப்பருப்பும் தோட்டத்துத் தேங்காயுமாக அந்த ஞாயிறும் வந்து நின்றான். கோகிலவாணி கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வாங்க," என்றாள்.

அவன் சிரித்தான். "என்னக்கா, விருந்தாளியாட்டக் கூப்புடற?"

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். காப்பி கொடுத்தாள். அவன் ஊர்க் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தான். எப்போது கிளம்புவான் என்று அவளுக்குத் தோன்றியது. எரிச்சல் ஒன்றும் இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் நல்ல மனிதர் ஒருவர் பேசுவதைக் கேட்பது போல இருந்தது. அடுத்த மாதம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த மாதமும் சொன்னாள்.

மார்ச்சில் பானுரேகா போன் செய்தாள். வடசித்தூரில் ஓர் எருமைக்கு ஊசி போடப் போன இடத்தில் அது உதைத்து அவனுக்கு விலா எலும்பு இரண்டு முறிந்துவிட்டது, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றாள். கோகிலவாணி மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் என்ன சொன்னார், எத்தனை நாள் லீவு என்று கேட்டாள். நான்கு மணிக்கு அவளுக்கு ஒரு கூட்டம் இருந்தது. இருபது நிமிடத்தில் எழுந்தாள்.

அவன் அவளுடைய கையைப் பிடித்தான்.

"அக்கா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அவன் கையை எடுத்துக்கொண்டான். காரில் திரும்பும்போது அவள் அந்தக் கேள்வியைப் பற்றி யோசித்தாள். பிறகு சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சோதித்துப் பார்ப்பது போல, ஒவ்வொன்றாக நினைத்தாள். ஏழு வயதுத் திருமூர்த்தி. சீருடை போட்ட பொம்மை. கஞ்சி கொட்டிய கை. எல்லாம் இருந்தது, ஒன்றுகூட அழியவில்லை. ஆனால் வேறு யாரோ ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பது போல இருந்தது. அன்று பார்த்த தம்பியின் முகத்தை நினைத்தாள். ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை நிறம்தான் தெளிவாக நினைவுக்கு வந்தது. பின் இருக்கையில் புதிய சிண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் மெர்லினிடம் சொன்னாள். மெர்லின் அவளுடைய சோதனைப் பதிவைத் திரையில் எடுத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு அந்தப் பொம்மையும் உங்க தம்பியும் ஒரே பாதைல இருந்திருக்காங்க மேடம். எல்லாருக்கும் அப்படி இருக்காது."

"எத்தனை பேருக்கு இருக்கும்?"

"தெரியாது. நாங்க பொம்மையைப் பத்தி மட்டுந்தான் கேட்டோம்."

அதுவரை இருநூற்றுப் பதினான்கு பேர் சோதனைக்கு உட்கார்ந்திருந்தார்கள். கோகிலவாணி பட்டியலை வாங்கி ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். சிண்டு என்றால் கூடவே யார் நினைவுக்கு வருவார்கள் என்று கேட்டாள். அவரை இப்போது நினைத்தால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். அனேகம் பேர் ஒரு நிமிடம் யோசித்து, எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். சிலர் சொன்ன விதத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஈரோட்டில் கலைவாணன் என்ற வங்கி அதிகாரி, அப்பாதான் அந்தப் பொம்மையை வாங்கித் தந்தார், சென்ற வருடம் தவறிவிட்டார் என்று மழை நிலவரம் சொல்வது போலச் சொன்னார். அவருடைய மனைவி போனை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் முதல் திதிக்கு அவர் போகவில்லை, யாரையாவது அனுப்பினால் போதாதா என்று கேட்டார், முன்பெல்லாம் அப்பாவின் பேச்சை எடுத்தாலே அழுகிற மனிதர் அவர் என்று சொன்னாள். அதற்குள் கலைவாணன் போனைத் திரும்ப வாங்கிவிட்டார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லைங்க மேடம். சொல்லப்போனா முன்னைக்கு இப்ப நிம்மதியாத்தான் இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள். கை வெட்டுப்பட்டால் வலிக்கும். கை இருந்ததே மறந்துபோனால் எங்கே வலிக்கும்? இப்படிப் போன பாசத்துக்குப் புகார் கொடுக்க, அதை இழந்தவருக்குக் காரணம் இருக்காது. எதிரில் இருப்பவருக்குத்தான் வலி. எதிரில் இருப்பவர் தொப்பி போட்டதில்லை, எந்தப் படிவத்திலும் அவர் பெயர் இல்லை.

நிர்வாக இயக்குநரிடம் எட்டுப் பக்க அறிக்கையைக் கொடுத்தாள். அவர் கெட்டவர் அல்ல. முழுவதும் படித்தார். உட்கார்ந்தவர்களில் ஒருவராவது புகார் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றாள். உங்களுக்காவது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒப்புதல் படிவத்தின் கீழே, தொடர்புடைய சில உணர்வுகளில் சிறு மாறுதல் ஏற்படலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

மே மாதம் புதிய சிண்டு கடைகளுக்கு வந்தது. பெரிய கடைகளில் தொப்பியும் சாய்வு நாற்காலியுமாக ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் பொம்மையைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து எழுந்தார்கள். முதல் மாதத்தில் அறுபதாயிரம் பேர். எங்கள் சிண்டுவைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர்கூட எழுதவில்லை. புதுப்பித்த பொம்மை ஒன்றுக்கு இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கோகிலவாணி அந்த வாரம் ராஜினாமா செய்தாள். கோபத்தில் அல்ல. அங்கே இருப்பது தப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் விடை வந்தது, அவ்வளவுதான்.

மெர்லின் ஒரு வழி சொன்னாள். வாசலை ஒரு தடவை மாற்ற முடியும் என்றால் இன்னொரு தடவையும் மாற்ற முடியும். பொம்மை இருந்த இடத்தில் திருமூர்த்தியே வந்து உட்கார வேண்டும். இதுவரை மனிதரை வைத்துச் செய்ததில்லை. நடக்காமலும் போகலாம்.

கோகிலவாணி அவனை வரச்சொல்லி, மெர்லினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப ஆறு மாசமா என்னைப் பாத்தா உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணல."

"இப்பவும்?"

"இப்பவும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலே, "இனி வர்ற பாசம் மிஷின் வெச்சதா இருக்கும், இல்லீங்களா?" என்று மெர்லினைக் கேட்டான். மெர்லின் ஆமாம் என்று தலையசைத்தாள். சரி, எதுவாக இருந்தாலும் செய்துவிடலாம் என்றான் அவன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லாதபோது அவர்களை மெர்லின் உள்ளே அழைத்துப் போனாள். கோகிலவாணி தொப்பியைப் போட்டுக்கொண்டாள். எதிரே திருமூர்த்தி, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவனைப் போல முட்டியில் கை வைத்து விறைப்பாக உட்கார்ந்திருந்தான். முகம் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தான். புதிய சிண்டுவை நினைத்துக்கொண்டே அவனைப் பார்க்கும்படி மெர்லின் சொன்னாள்.

பதினோரு நிமிடம் ஆயிற்று. கோகிலவாணி அவனைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதுக்காரன் ஒருவன். காதோரம் நரை. இமைக்காமல் இருந்ததால் கண்ணில் நீர் கோத்திருந்தது. மேசையில் இருந்த புதிய சிண்டுவைப் பார்த்தாள். அது துணியும் பஞ்சுமாக இருந்தது. ஆறு மாதமாக நெஞ்சை நிறைத்துக்கொண்டிருந்த பாசம் அதைவிட்டும் போயிருந்தது. வேறெங்கும் வந்து சேரவில்லை.

"அக்கா?" என்றான் திருமூர்த்தி.

"வந்துருச்சுடா," என்றாள் அவள்.

அவன் எழுந்து வந்து அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எவ்வளவு நேரம் தடவ வேண்டும் என்று தெரியவில்லை. அவன் நிறுத்தும்வரை தடவினாள். பாசம் வந்திருந்தால் மேலே ஏறியிருக்க வேண்டிய கோடு திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்ததை மெர்லின் பார்த்தாள். இயந்திரத்தை அணைத்தாள்.

அவன் கீழே வண்டியை எடுக்கப் போனபோது மெர்லின் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

கோகிலவாணி யோசித்தாள். உண்மையான பதிலைத்தான் தேடினாள். "தெரியல," என்றாள்.

அதன் பிறகு அவள் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத் திருமூர்த்திக்குப் போன் செய்தாள். ஓர் அக்கா என்னவெல்லாம் கேட்பாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். சாப்பாடு, விலா வலி, பானுரேகாவின் தையல் வகுப்பு, மகளின் படிப்பு. ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவன் உற்சாகமாகப் பதில் சொல்வான். மாதத்தின் முதல் ஞாயிறன்று வந்தால், "வாடா" என்று மறக்காமல் சொல்வாள். புது வேலையாக ஒரு சிறிய அச்சகத்தில் பெட்டிகள் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் போயிற்று. நன்றாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

தைப்பொங்கலுக்குக் கிணத்துக்கடவு போனபோது திருமூர்த்தி வெளியே போயிருந்தான். பானுரேகா அடுப்படியில் இருந்தாள். கரும்பை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள்.

"அண்ணி, அவருக்கு அன்னைக்கே தெரியுமுங்க."

எது தெரியும் என்று கோகிலவாணி கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் திரும்பி வரலைன்னு. வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டாரு. பாசம் வந்திருந்தா அக்கா வந்துருச்சுன்னு சொல்லாது, இத்தன நாளா ஏண்டா வந்து சட்டையப் புடிச்சுக் கேக்கலைன்னு வையும்னாரு." அவள் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள். "நான் கேட்டேன், அப்பறம் எதுக்கு அங்க நின்னு அழுதீங்கன்னு. ஒண்ணுமே இல்லாத மனுசி எனக்காக ஒரு பொய் சொல்லுது பானு, அதுக்குத்தான்னாரு."

கோகிலவாணி ஒரு துண்டுக் கரும்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். திருமூர்த்தி வந்ததும் எல்லோரும் சாப்பிட்டார்கள். அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவனும் வழக்கம்போலப் பேசினான்.

மறுநாள் அச்சகத்தில் ஒரு மணி ஆனது. அவள் போனைக் கையில் எடுத்தாள். இனி இதற்கு அவசியம் இல்லை என்று நினைத்தாள். ஏமாற்ற வேண்டிய ஆள் ஏமாறவில்லை. நிறுத்திவிட்டால் இருவருக்கும் சுமை குறையும். நெஞ்சுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று, வருடக்கணக்கில் பூட்டிக்கிடக்கும் அறையை எட்டிப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எழுதி வைத்திருந்த தாளை எடுத்து மேசை அறைக்குள் போட்டாள். பிறகு அவனுடைய எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுக்கா," என்றான்.

"ஒண்ணுமில்லடா."

"சரி."

அதற்கு மேல் கேட்க அவளிடம் எதுவும் இல்லை. அவன் பக்கம் ஒரு மாட்டின் கழுத்துமணி கேட்டது. இவள் பக்கம் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.